ரஸ்ஸியா என்றொரு சொல்



ஆம்பூரில் மஃரிபுத் தொழுகைக்குப் பின் சிறியதொரு வகுப்பு நடத்தி வருகிறேன். பகற்பொழுதைக் கல்லூரியிலும் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் கழித்துவிட்டு வருகின்ற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் அமர்வார்கள். அவர்களுள் ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவன் ஒருவன் உண்டு. சில மாதங்களுக்கு முன்பு, வகுப்பு முடிந்து மற்றவர்கள் எழுந்து சென்ற பின்னரும் அவன் மட்டும் போகாமல் நின்றான். கையில் கனத்த ஆங்கில அகராதி ஒன்று. அதில் ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னே வைத்தான்.

"ஹஜ்ரத், இந்தச் சொல்லைப் பாருங்கள். ரஸ்ஸியா. 'திடீரெனப் பாய்ந்து கொள்ளையடித்தல், குறிப்பாக வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் செய்வது' என்று பொருள் போட்டிருக்கிறார்கள். கீழே, இது எந்த மொழியிலிருந்து வந்தது என்னும் இடத்தில் அரபி என்றும், கஸ்வா என்பதோடு தொடர்புடையது என்றும் எழுதியிருக்கிறது. கல்லூரியில் பக்கத்து இருக்கைக்காரன் இதைக் காட்டிச் சிரித்தான். பத்ரும் உஹதும் கஸ்வாதானே? அப்படியென்றால்..."

அதற்கு மேல் அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க அஞ்சினான் என்பதை முகம் சொல்லியது. நானும் அன்றிரவு விடை கூறவில்லை. கலைக் கல்லூரியில் படித்துவிட்டு மதரஸாவுக்கு வந்தவன் என்ற முறையில், அரைகுறையாகப் பதில் சொல்லி இளைஞனின் வாயை அடைப்பது எத்தகைய தீங்கு என்பதை நான் அறிவேன். ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் தேடியவற்றையும், பின்னர் சேர்ந்தவற்றையும் இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். (இந்த ரஸ்ஸியாவை ரஷ்யா நாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். என் வீட்டிலேயே அப்படித்தான் முதலில் கேட்டார்கள்.)

ரஸ்ஸியாவுக்குப் போகுமுன், நம் அனைவருக்கும் தெரிந்த அதன் ஒன்றுவிட்ட சகோதரனைப் பார்த்துவிடுவோம். அதுதான் ரெய்டு. தோல் வியாபாரம் நடக்கும் நம் ஊர்களில் இச்சொல்லை அறியாத வீடு இல்லை. அரசாங்க முத்திரையுடன் ஒரு வண்டி தெருமுனையில் நின்றால் போதும், "ரெய்டாம்" என்ற பேச்சு அஸருக்குள் ஊரைச் சுற்றிவிடும். வந்தவர்கள் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்க்க வந்தார்களா, சோதனையிட வந்தார்களா, வழி கேட்க நின்றார்களா என்று எவரும் விசாரிப்பதில்லை. 1961ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம் தன் 132ஆம் பிரிவில் தேடுதல், கைப்பற்றுதல் என்றும், 133ஏ பிரிவில் ஆய்வு என்றும் இரு வேறு நடவடிக்கைகளைப் பிரித்துச் சொல்லியது. மக்கள் இரண்டையும் ஒரே ரெய்டுக்குள் அடக்கிவிட்டார்கள்.

இந்த ரெய்டு எங்கிருந்து வந்தது? வியப்பாக இருக்கும், பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சவாரி என்பதே பொருள். ராட் என்று ஒரு சொல் இருந்தது. குதிரையேறிப் போதல் என்று அதற்கு அர்த்தம். அச்சொல் இங்கிலாந்தின் தென்பகுதியில் ரோடு என்று திரிந்தது. வடக்கே ஸ்காட்லாந்துப் பக்கம் ரெய்டு என்று திரிந்தது. சவாரி செய்தலைக் குறிக்கும் ரைடு என்பதும் இவற்றின் உடன்பிறப்பே. ஆக, நாம் நடக்கும் ரோடும், நாம் அஞ்சும் ரெய்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் ரோடு என்ற சொல் படையோடு பாய்தல் என்ற பொருளிலும் வருகிறது.

ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட எல்லை மலைகளில் பல தலைமுறைகளாக ஆடுமாடுகளைக் கவர்ந்து செல்வதே தொழிலாக இருந்தது. இரு நாட்டுக் குடும்பங்களும் அதைச் செய்தன. இரவில் குதிரையேறிப் போவார்கள். விடியுமுன் அயலாரின் மந்தையை ஓட்டிக்கொண்டு திரும்புவார்கள். சவாரி என்ற பெயரே கொள்ளைக்கு ஆகிவந்தது இப்படித்தான். அவர்களை ரீவர் என்றழைத்தனர்; பறிப்பவர் என்பது அதன் பொருள். உற்றாரை மரணத்தில் இழந்தோரை ஆங்கிலத்தில் பிரீவ்டு என்கிறார்களே, அதுவும் அதே வேரில் முளைத்த சொல்தான்: பறிகொடுத்தவர்.

காலப்போக்கில் ரெய்டு என்ற சொல் வழக்கொழிந்து போயிற்று. அதைத் தூசிதட்டி எடுத்து உயிர் கொடுத்தவர் வால்டர் ஸ்காட் என்னும் கவிஞரும் கதாசிரியரும். 1805இல் வெளியான அவருடைய நெடும்பாடல் ஒன்றில் அது மீண்டும் தோன்றியது. பின்பு அது போலீசாருக்கும், முதல் உலகப் போரில் ஆகாய விமானங்களுக்கும், நம் ஊர் வரி அதிகாரிகளுக்கும் உரியதாயிற்று. மாடு திருடிய சவாரிக்காரர்களின் சொல் அரசாங்கத்தின் சொல்லாக ஏறிய கதை இது. எந்த ஆங்கில அகராதியும் ரெய்டுக்குப் பொருள் எழுதும்போது "குறிப்பாகக் கிறித்தவர்கள் செய்வது" என்று எழுதுவதில்லை. அப்படி எழுத வேண்டும் என்று நானும் கூறவில்லை. எழுதினால் அபத்தம்.

சவாரி, ரோடு, ரெய்டு மூன்றும் ஒரே நாளில் சந்தித்துக்கொண்ட இடம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், விடிவதற்கு முன்னர் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுவகைத் தலைப்பாகை, தாடியைக் களையும் கட்டளை, நெற்றிக்குறிக்குத் தடை ஆகியவை முஸ்லிம்களையும் இந்துக்களையும் ஒருசேரப் புண்படுத்தியிருந்தன. திப்பு சுல்தானின் மக்கள் அதே கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்தார்கள். உறக்கத்தில் இருந்த ஆங்கிலப் படை திடீரெனத் தாக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். செய்தி ஆர்க்காட்டை எட்டியதும், கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையுடன் சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தைக் காலை வேளையிலேயே கடந்து வந்து கோட்டையைக் கைப்பற்றினார். அதன்பின் அங்கே கொல்லப்பட்ட சிப்பாய்கள் பல நூறு பேர். அவர்களில் பலர் ஆயுதமின்றிச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள்.

ஆங்கில நூல்களைப் புரட்டிப் பாருங்கள். சிப்பாய்கள் செய்ததற்குப் பெயர் கலகம், படுகொலை. கில்லெஸ்பி செய்ததற்குப் பெயர் மீட்பு. அவருடைய சவாரியைப் புகழ்ந்து நியூபோல்ட் என்னும் ஆங்கிலக் கவிஞர் பாட்டே எழுதினார். திடீரெனப் பாய்ந்தவர்கள் இரு தரப்பாரும்தான். எனினும் பெயர் வைக்கும் உரிமை வென்றவர் கைக்குப் போய்விட்டது. நம்மவர்கள் வீட்டில் பேசும் உருது மொழியில் இரவுத் தாக்குதலுக்கு ஷப்கூன் என்பார்கள். ஷப் என்றால் இரவு, கூன் என்றால் இரத்தம். பாரசீகத்திலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு ஒரு நேர்மை இருக்கிறது. யார் செய்தாலும் அது இரத்தத்தைத்தான் சொல்லுகிறது.

இனி ரஸ்ஸியாவுக்கு வருவோம்.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு ஃகைன் என்ற எழுத்தின் உச்சரிப்பு தெரியும். தொண்டையின் மேற்புறத்திலிருந்து, வாய் கொப்பளிக்கும் ஓசையோடு வெளிவர வேண்டும். தமிழில் அதற்கு எழுத்து இல்லாமையால் க போட்டு எழுதிவிடுகிறோம்: கஸ்வா, கஸ்ஸாலி, காலிப். (இதனால் ஓர் இடைஞ்சல். அறப்போர் வீரரைக் குறிக்கும் காஸியும், நிக்காஹ் எழுதும் காஸியும் தமிழில் ஒரே உருவில் நிற்கிறார்கள். அரபியில் இரண்டும் வேறு வேறு எழுத்துகள், வேறு வேறு சொற்கள்.) பிரெஞ்சுக்காரர்கள் தம் ர என்னும் எழுத்தைப் பலுக்கும் விதம் ஏறத்தாழ நம் ஃகைனைப் போன்றது. அல்ஜீரியா நாட்டு அரபியில் திடீர்த் தாக்குதலுக்கு ஃகாஸியா என்று சொல்வார்கள். அதைக் கேட்ட பிரெஞ்சுக்காரரின் காதில் அது ரஸ்ஸியா என்று விழுந்தது. அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் அதைப் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

எந்தச் சூழ்நிலையில் எழுதிக்கொண்டார்கள் என்பதில்தான் என் மாணவனின் கேள்விக்கு விடை இருக்கிறது.

1830இல் பிரான்சு அல்ஜீரியாவின் மீது படையெடுத்தது. அமீர் அப்துல் காதிர் என்னும் மார்க்க அறிஞர் மக்களைத் திரட்டிப் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார். நேர்முகப் போரில் அவரை அடக்க இயலாத நிலையில், 1841 முதல் ஆளுநராக இருந்த தளபதி புஜோ வேறு வழியைக் கையாண்டார். கனத்த பீரங்கிகளை ஒதுக்கிவிட்டு விரைவாக நகரும் படைப்பிரிவுகளை அமைத்தார். அவை விடியற்காலையில் கிராமங்களின் மீது பாய்ந்தன. மந்தைகளை ஓட்டிச் சென்றன. விளைந்த கதிர்களுக்குத் தீ வைத்தன. மண்ணுக்கடியில் தானியம் சேமித்திருந்த குழிகளைத் தோண்டிக் காலி செய்தன. பழ மரங்களை வெட்டிச் சாய்த்தன. பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துச் சென்றன. இந்த நடவடிக்கைக்குப் பிரெஞ்சுப் படையே சூட்டிக்கொண்ட பெயர்தான் ரஸ்ஸியா. அரபிகளிடமிருந்து கற்ற போர்முறை என்று சொல்லிக்கொள்ள அந்தப் பெயர் வசதியாக இருந்தது.

ஜனநாயகம் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற தொக்குவில் என்னும் பிரெஞ்சு அறிஞரைக் கல்லூரியில் அரசியல் பாடம் படித்தவர்கள் அறிவார்கள். அவர் 1841இல் அல்ஜீரியா பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பயிர்களை எரிப்பதும், ஆயுதமற்ற ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் பிடிப்பதும் வருந்தத்தக்கவை என்றாலும், அரபிகளோடு போர் செய்பவர்களுக்குத் தவிர்க்க முடியாதவை என்று அதில் வாதிட்டார். ரஸ்ஸியா என்ற சொல்லையும் அக்கட்டுரையில் கையாண்டிருக்கிறார். நான் கல்லூரியில் தொக்குவிலைப் படித்தபோது இந்தப் பக்கத்தை யாரும் எனக்குக் காட்டவில்லை.

1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தஹ்ரா மலைப்பகுதியில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. உலாத் ரியாஹ் என்னும் கோத்திரத்தார் பெண்டு பிள்ளைகளோடும் கால்நடைகளோடும் ஒரு குகைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். கர்னல் பெலிசியே குகை வாயிலில் விறகடுக்கித் தீ மூட்டச் செய்தார். புகையில் மூச்சுத்திணறி இறந்தவர்கள் பல நூறு பேர். பாரிஸிலேயே இதற்குக் கண்டனம் எழுந்தது. ஆயினும் பெலிசியேயின் பதவிகள் உயர்ந்துகொண்டுதான் போயின. இறுதியில் அவர் அல்ஜீரியாவின் ஆளுநராகவே அமர்த்தப்பட்டார்.

ஐரோப்பிய இதழ்களில் ரஸ்ஸியா என்ற சொல் பரவியது இந்த ஆண்டுகளில்தான். அச்சொல்லைப் பரப்பிய தாக்குதல்களில் தாக்கப்பட்டவர்கள் முஸ்லிம்கள். தாக்கியவர்கள் பிரெஞ்சு இராணுவத்தார். அகராதி எழுதியவரோ சொல்லின் பிறப்பிடத்தை மட்டும் பார்த்தார். அதனால் கொள்ளை கொடுத்தவன் பெயரே கொள்ளைக்காரன் பட்டியலில் ஏறிற்று.

சொல்லின் பயணம் அத்தோடு நிற்கவில்லை. இன்று ஜெர்மன் மொழியில் போலீஸ் சோதனைக்கு ரஸ்ஸியா என்பதே சாதாரணச் சொல். அதைச் சொல்லும் ஜெர்மானியர் பலருக்கு அது அரபிச் சொல் என்பதே தெரியாது. நெதர்லாந்தில் அச்சொல்லைக் கேட்டால் முதியவர்கள் இன்றும் முகம் மாறுவார்கள். 1941 பிப்ரவரி 22, 23 ஆகிய நாட்களில் ஹிட்லரின் படையினர் ஆம்ஸ்டர்டாமின் யூதர் குடியிருப்பைத் திடீரென வளைத்து 400க்கு மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்துச் சென்றார்கள். முகாம்களிலிருந்து மிகச் சிலரைத் தவிர எவரும் திரும்பவில்லை. அந்நகரத் தொழிலாளர்கள் இதை எதிர்த்து 25ஆம் தேதி வேலைநிறுத்தம் செய்தார்கள். நெதர்லாந்து வரலாற்று நூல்கள் அந்த வேட்டையை ரஸ்ஸியா என்றே குறிக்கின்றன. அரபுப் பாலைவனத்தில் ஒட்டகம் கவர்ந்தவர்களின் சொல் இப்படி எங்கோ போய், என்னவோ ஆகிவிட்டது.

அப்துல் காதிரைப் பற்றி ஒரு வார்த்தை. 1847இல் அவர் சரணடைந்தார். பிரான்சில் சிறையிருந்து, பின் விடுதலையாகி, டமாஸ்கஸில் குடியேறினார். 1860இல் அந்நகரில் கலவரக்காரர்கள் கிறித்தவர் வீடுகளின் மீது பாய்ந்தபோது, தம் ஆட்களை அனுப்பி ஆயிரக்கணக்கான கிறித்தவர்களைக் காப்பாற்றித் தம் பாதுகாப்பில் வைத்துக்கொண்டார். அவரைச் சிறையில் வைத்த அதே பிரான்சு அதற்காக அவருக்கு உயரிய விருது வழங்கியது.

சரி, பிரெஞ்சுக்காரர்கள் செய்தது இருக்கட்டும். அரபிகள் கஸ்வு என்ற பெயரில் கொள்ளையடிக்கவே இல்லையா? என் மாணவன் அடுத்த வாரம் இதைத்தான் கேட்டான். நல்ல மாணவன்!

அடித்தார்கள். அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கோத்திரங்கள் ஒன்றன் ஒட்டகங்களை மற்றொன்று கவர்வதைப் பெருமையாகவே கருதின. மழை பொய்த்தால் மந்தை அழியும். மந்தை அழிந்தால் அயலான் மந்தையின் மீது பாய்வார்கள். பழிக்குப் பழி தொடரும் என்ற அச்சத்தால் உயிர்ச்சேதத்தைக் கூடியவரை தவிர்ப்பார்கள். ஆண்டில் நான்கு மாதங்கள் புனிதமானவை. அவற்றில் எவரும் எவரையும் தாக்குவதில்லை. நம் பிள்ளைகள் அனைவரும் மனப்பாடமாக ஓதும் குறைஷ் சூராவை எண்ணிப் பாருங்கள். பசிக்கு உணவும் அச்சத்திலிருந்து அபயமும் அளித்ததாக அல்லாஹ் அதில் நினைவூட்டுகிறான். அந்த அச்சம் எது? கஅபாவின் பக்கத்தில் குடியிருந்ததால் குறைஷியரின் குளிர்காலப் பயணமும் கோடைப் பயணமும் கொள்ளைக்குத் தப்பின. சுற்றியிருந்த கோத்திரங்களுக்கு அந்த நிம்மதி இல்லை.

விடியற்காலையே தாக்குதலுக்குரிய நேரம். ஆதியாத் சூராவின் மூன்றாம் வசனத்தில் முகீராத் என்றொரு சொல் வருகிறது. அதிகாலையில் பாய்ந்து தாக்கும் குதிரைகளை அது குறிக்கிறது. எதிரி வருவதைக் கண்டவன் உயரமான இடத்தில் ஏறி "யா ஸபாஹாஹ்" என்று கூவுவான். "ஐயோ, இக்காலைப் பொழுதே" என்பது அதன் சொற்பொருள். "பாய வருகிறார்கள், எழுந்திருங்கள்" என்பது அதன் உட்பொருள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் உறவினரை எச்சரிக்கும்படி கட்டளை வந்ததும் ஸஃபா குன்றின்மீது ஏறி அழைத்த வரலாறு நம் வீட்டுப் பெண்மணிகள் அனைவருக்கும் தெரியும். அன்று அவர்கள் எழுப்பிய குரல் இதுவே. கொள்ளைப்படை வருகிறது என்றெண்ணி ஊரே ஓடிவந்தது. பள்ளத்தாக்கில் குதிரைப்படை பாயக் காத்திருக்கிறது என்று நான் சொன்னால் நம்புவீர்களா எனும் கருத்தில்தான் முதல் வினாவும் அமைந்தது. அந்த மக்களின் நெஞ்சில் ஆழமாகப் பதிந்திருந்த அச்சம் அதுவாகையால், அவர்களுக்கு விளங்கும் மொழியில் பேசினார்கள். ஸஃபா நிகழ்ச்சியைப் பலமுறை பயான் செய்திருக்கிறேன். அந்தக் கூவல் கொள்ளை எச்சரிக்கை என்பதைக் கவனித்து அதன் கனத்தை உணர்ந்தது, இந்த அகராதிச் சண்டைக்குப் பிறகுதான்.

கஸ்வ் என்பதன் வேர்ச்சொல்லுக்கு நாடிச் செல்லுதல், குறிவைத்தல் என்ற கருத்தும் உண்டு. ஸீரா ஆசிரியர்கள் அதை ஒரு கலைச்சொல்லாக ஆக்கிக்கொண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் தாமே புறப்பட்டுச் சென்ற பயணம் கஸ்வா. பிறரை அனுப்பியது ஸரிய்யா. கஸ்வாக்கள் 19 என்று ஸைத் இப்னு அர்கம் (ரலி) அறிவிக்கிறார்கள். இப்னு இஸ்ஹாக் 27 என்று எண்ணுகிறார். அவற்றுள் போர் நிகழ்ந்தவை 9 மட்டுமே என்றும் சொல்கிறார். ஹிஜ்ரி 9இல் தபூக்குக்குப் பெரும்படை சென்றது; வாள் உறையை விட்டு வரவில்லை. அதுவும் கஸ்வா. ஹிஜ்ரி 5இல் பத்தாயிரம் பேர் மதீனாவை முற்றுகையிட்டனர். உள்ளே இருந்தவர்கள் பசித்த வயிற்றோடு அகழி தோண்டித் தம் ஊரைக் காத்தார்கள். அதுவும் கஸ்வா. அகழிக்குப் பின்னால் நின்று தற்காத்தவர்களின் செயலை ரஸ்ஸியா என்ற சொல்லால் பெயர்த்தால் வாக்கியமே சிரிக்கும்.

"வணிகக் கூட்டத்தை மறிக்கப் போனது?" என்றான் மாணவன். பத்ருக்கு முந்திய பயணங்களில் சில குறைஷியரின் வணிகக் கூட்டத்தைக் குறிவைத்தவை என்பது உண்மை. பத்ரும் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் யார் யாருடைய பொருளை மறித்தார்கள்? மக்காவிலிருந்து துரத்தப்பட்டவர்கள், தம் வீடுகளையும் உடைமைகளையும் பறித்துக்கொண்டவர்களின் வணிகத்தை மறித்தார்கள். இரு தரப்புக்கும் இடையே சமாதானம் இருக்கவில்லை, போர்நிலையே இருந்தது. பழைய கோத்திரக் கொள்ளையில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அகப்பட்டவன் மந்தை, அவ்வளவுதான். இந்த விடை அவனுக்கு முழுமையாக நிறைவளித்தது என்று சொல்லமாட்டேன். யோசித்துக்கொண்டே போனான். அனஸ் (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தியையும் சொல்லி அனுப்பினேன்: நபி (ஸல்) அவர்கள் ஓர் ஊரை அணுகினால் விடியும்வரை காத்திருப்பார்கள், பாங்கோசை கேட்டால் தாக்காமல் விட்டுவிடுவார்கள்.

மந்தை என்றதும் நம் மண்ணுக்கு வராமல் இருக்க முடியவில்லை. தொல்காப்பியம் படித்தவர்கள் வெட்சித் திணையை மறந்திருக்க மாட்டார்கள். பகைவரின் ஆநிரையை அவர் அறியாமல் கவர்ந்து வந்து காப்பதே போரின் தொடக்கம் என்று நம் இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறது. கவர்வோருக்கு வெட்சிப் பூ. மீட்போருக்குக் கரந்தைப் பூ என்று பிற்கால இலக்கணமான புறப்பொருள் வெண்பாமாலை பிரித்துக் காட்டுகிறது. கல்லூரியில் இதைப் படித்தபோது ஏதோ பழங்காலக் கற்பனை என்றெண்ணினேன். வட ஆர்க்காட்டு வயல்வெளிகளில் நிற்கும் நடுகற்கள் அது கற்பனை அன்று என்று சொல்கின்றன.

நம் ஆம்பூரிலேயே இரண்டு வீரக்கற்கள் கிடைத்துள்ளன. நிருபதுங்கப் பல்லவனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் படித்து எபிகிராபியா இண்டிகாவின் நான்காம் தொகுதியில் வெளியிட்டார். நுளம்பனின் படை வந்து இவ்வூர்க் கால்நடைகளின் மீது பாய்ந்தபோது எதிர்த்து வீழ்ந்தவர்களுக்காக அவை எழுப்பப்பட்டன. இன்று தோலை நம்பி வாழும் ஊர், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தோலுக்குரிய மாடுகளுக்காக உயிரைக் கொடுத்திருக்கிறது. டேனரி வாயிலைக் கடக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்த நினைவு வருகிறது.

செங்கம் வட்டாரத்தில் இத்தகைய கற்கள் ஏராளம். 1972இல் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை "செங்கம் நடுகற்கள்" என்று நூலாகவே வெளியிட்டது. அக்கற்களில் தொறு என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தை கொள்ள வந்தவர்களிடம் சிலர் பட்டார்கள். மந்தையை மீட்டுச் சிலர் பட்டார்கள். கொள்ளச் சென்ற இடத்தில் பட்டவர்களுக்கும் கற்கள் உண்டு. பாய்ந்தவனுக்கும் கல், தடுத்தவனுக்கும் கல். எடுத்தனூர் என்னும் ஊரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று நிற்கிறது. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன். தன் எசமானன் வீழ்ந்தபோது திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாம். குகைத் தோழர்களின் வாயிலில் முன்கால்களை நீட்டிக் கிடந்த நாயைக் குர்ஆனில் ஓதியவர்களுக்கு, கோவிவனின் பெயரைக் கல்லில் வெட்டிய தமிழனின் மனம் எளிதில் விளங்கும்.

மாணவனை ஒரு வெள்ளிக்கிழமை மாலை உட்கார வைத்து இவை அனைத்தையும் சொன்னேன். அகராதியில் அந்தச் சொல்லின் ஓரத்தில் பென்சிலால் "அல்ஜீரியா, 1841, புஜோ" என்று குறித்துக்கொண்டான். நூலகப் புத்தகத்தில் எழுதலாமா என்று கண்டித்தேன். "என் சொந்தப் புத்தகம்தான் ஹஜ்ரத், மூர் மார்க்கெட்டில் வாங்கியது என்று வாப்பா கொடுத்தது" என்றான். பக்கத்து இருக்கைக்காரனிடமும் இதைச் சொன்னானாம். அந்தப் பிள்ளை தன் பாட்டனார் ஊரில் ஒரு நடுகல் இருப்பதாகவும், அதற்கு ஆண்டுதோறும் பொங்கல் வைப்பதாகவும், அது மாடு காத்தவனின் கல் என்று தனக்கு இதுவரை தெரியாதென்றும் கூறினானாம். இருவரும் அதைப் படம்பிடித்து வரப் போகிறார்கள்.

இப்போது அவன் அகராதியை முதல் எழுத்திலிருந்து தொடங்கிவிட்டான். நேற்று மஃரிபுக்குப் பின் வந்து, "ஹஜ்ரத், அஸாஸின் என்றொரு சொல் இருக்கிறது" என்றான். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில்.